தருக்கம் மனிதன் உண்டாக்கியதா, இயற்கையில் இருப்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருக்கம் (லாஜிக்), டிஸ்கிரீட் கணிதம், டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் ஆகிய பாடங்களை நடத்தும் இடங்களில் ஆண்டுதோறும் ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். ஒரு பதில் இன்னொன்றைச் சுட்ட வசதியாக எண் போட்டிருக்கிறோம்.

1. சுருக்கமா சொல்லுங்க: லாஜிக் மனுஷன் உண்டாக்கினதா, ஏற்கெனவே இயற்கையில இருக்கறதா?

இந்தக் கேள்விக்குள் மூன்று விஷயங்கள் ஒரே பெயரில் கலந்து கிடக்கின்றன. முதலாவது, நாம் எழுதும் குறிகள், விதிகள், உண்மை அட்டவணைகள். இவை மனிதர் செய்தவை. பலவற்றுக்குச் செய்தவர் பெயரும் ஆண்டும்கூடத் தெரியும். இரண்டாவது, உலகத்தில் உள்ள ஒழுங்கு: எரிந்தால் சுடும், விட்டால் விழும். இது நமக்கு முன்பே இருந்தது, ஆனால் இதைப் படிப்பது இயற்பியல். மூன்றாவது, "இவையெல்லாம் உண்மையானால் அதுவும் உண்மையாகத்தான் வேண்டும்" என்ற தொடர்பு. சண்டையெல்லாம் இந்த மூன்றாவதைப் பற்றித்தான்.

அது கல், மரம் போல இயற்கையில் கிடக்கும் பொருளும் இல்லை, நம் இஷ்டப்படி வைத்துக்கொண்டதும் இல்லை என்பது எங்கள் கருத்து. ஏன் என்பது 6, 14, 15 ஆகிய பதில்களில் வருகிறது. அவசரக்காரர்கள் நேரே அங்கே போகலாம்.

2. முதல்ல லாஜிக்னா சரியா என்ன? வாதத்துல ஜெயிக்கிறதா?

எதிலிருந்து எது வரும், எது வராது என்று பார்ப்பது. அவ்வளவுதான். "எல்லாப் பாம்புகளும் நஞ்சுள்ளவை. சாரை ஒரு பாம்பு. ஆகவே சாரை நஞ்சுள்ளது." இதில் முதல் வரி பொய், முடிவும் பொய். ஆனாலும் அனுமானம் (முதல் வரிகளிலிருந்து முடிவுக்குப் போகும் படி) செல்லும்: முதல் இரண்டு வரிகளும் உண்மையாக இருந்திருந்தால் மூன்றாவது பொய்யாக வழியே இல்லை.

மாறாக, "எல்லா நாகங்களும் நஞ்சுள்ளவை. இந்தப் பாம்பு நஞ்சுள்ளது. ஆகவே இது நாகம்." எதிரே இருப்பது உண்மையிலேயே நாகமாக இருக்கலாம், மூன்று வரியும் உண்மையாக இருக்கலாம். ஆனாலும் அனுமானம் செல்லாது, ஏனென்றால் அது கண்ணாடி விரியனாக இருந்தாலும் முதல் இரண்டு வரிகள் அப்படியே நிற்கும். சோதிக்கும் முறை இதுதான்: முற்கூற்றுகளை (முடிவுக்கு முன் வரும் வரிகளை) உண்மையாக வைத்துக்கொண்டு முடிவை மட்டும் பொய்யாக்கும் ஒரு நிலையைத் தேடுங்கள். கிடைத்தால் அனுமானம் விழுந்தது.

3. இதை அரிஸ்டாட்டில்தான் கண்டுபிடிச்சாரா? அதுக்கு முன்னாடி யாரும் யோசிக்கலையா?

யோசித்தார்கள். எந்த வடிவம் செல்லும், எது செல்லாது என்று தனியே எடுத்து வகைப்படுத்தியதுதான் பொ.ஆ.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் செய்தது. இந்தியாவில் நியாயர்களும் (நியாயம் என்ற தருக்க மரபினர்) பௌத்தர்களும் வேறு பாதையில் இதே வேலைக்கு வந்தார்கள். தமிழில் படிக்க வேண்டுமென்றால் மணிமேகலையின் 29ஆம் காதை இருக்கிறது. பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (பொருத்திக் காட்டுவது), நிகமனம் (முடிவு) என்று ஐந்து உறுப்பு: இம்மலை நெருப்புடையது, புகையுடையதாதலால், அடுக்களை போல, இம்மலையும் புகையுடையது, ஆகவே நெருப்புடையது. வாதம் எங்கெல்லாம் கெடும் என்ற பட்டியலும் அங்கேயே உண்டு. தெரிவது ஆவியா பனியா என்ற ஐயம் தீராதபோதே அதைப் புகையென்று கொண்டு நெருப்பு உண்டு எனத் துணிவது ஏதுப்போலிகளில் ஒன்று.

இரண்டு மரபும் ஒன்றே என்று சொல்லிவிடக் கூடாது. அரிஸ்டாட்டிலுக்கு வடிவம் போதும். சாரைப்பாம்பு வாதம் அவரிடம் பாஸாகிவிடும். நியாய மரபில் ஏது உண்மையாகவே இருக்க வேண்டும், அடுக்களை போல ஒப்புக்கொண்ட எடுத்துக்காட்டு ஒன்றும் வேண்டும். ஆனால் இரண்டு இடத்திலும் மாறாதது ஒன்று: "புகையுள்ள இடமெல்லாம் நெருப்புண்டு" என்பதிலிருந்து "நெருப்புள்ள இடமெல்லாம் புகையுண்டு" என்று திருப்பிப்போட முடியாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்புண்டு, புகை இல்லை என்று நியாயர்கள் இதற்கு எதிர்க்காட்டும் வைத்திருந்தார்கள். 2ஆம் பதிலில் கண்ணாடி விரியன் செய்த வேலையை இங்கே இரும்புத்துண்டு செய்கிறது.

4. யாரோ எழுதின விதிதானே, பின்னாடி வந்தவங்க மாத்தியிருக்காங்களா?

மாற்றியிருக்கிறார்கள். "எல்லா அ-வும் ஆ" என்றால் "சில அ ஆ" என்பது அரிஸ்டாட்டிலிடம் செல்லும். இன்றைய பாடப்புத்தகத்தில் செல்லாது. "வரிசையை மீறும் அனைவருக்கும் 500 ரூபாய் அபராதம்" என்ற பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். யாருமே மீறாத நாளிலும் பலகை பொய்யாகிவிடவில்லை; ஆனால் "சிலருக்கு அபராதம் விழுந்தது" என்று சொன்னால் அது பொய். ஆளில்லாத தொகுதிகளைப் பழைய முறை கணக்கில் எடுக்கவில்லை.

1847லும் 1854லும் ஜார்ஜ் பூல் தருக்கத்தை இயற்கணிதமாக எழுதினார். 1879ல் ஃப்ரேகே "எல்லா", "ஏதோ ஒன்று" என்பவற்றுக்குக் குறிகள் தந்தார். "ஒவ்வொருவருக்கும் ஒரு தாய் உண்டு" என்பதையும் "ஒரே தாய் எல்லாருக்கும் உண்டு" என்பதையும் அதன் பிறகுதான் குழப்பமில்லாமல் பிரித்து எழுத முடிந்தது. ஆக, 1ஆம் பதிலில் முதலாவதாகச் சொன்னது மனிதர் செய்தது என்பதில் விவாதமே இல்லை.

5. பாக்டீரியாவே "ஆண்ட்" போடுதே சார்? அப்போ லாஜிக் இயற்கையிலதானே இருக்கு?

பெரும்பாலும் இ. கோலை என்ற பாக்டீரியாவின் லாக் ஓப்பரானை (பால் சர்க்கரையான லாக்டோஸைச் சிதைக்கும் நொதிகளுக்கான மரபணுத் தொகுதியை) மனதில் வைத்துத்தான் இதைக் கேட்கிறார்கள். 1961ல் ஜாக்கோபும் மோனோவும் விளக்கிய அமைப்பு அது. லாக்டோஸ் இல்லாதபோது ஒரு புரதம் டிஎன்ஏ-வில் உட்கார்ந்து மரபணுவை மறித்துவிடும்; லாக்டோஸ் வந்தால் விலகும். குளுக்கோஸ் குறைந்தால் இன்னொரு புரதம் வந்து படியெடுப்பைத் தூண்டும். ஆக "லாக்டோஸ் இருந்து, குளுக்கோஸ் இல்லையென்றால்" நொதி தயாராகும். பாடப்புத்தகம் இதை ஆண்ட் கேட் (இரண்டு நிபந்தனையும் சேர்ந்தால் மட்டும் "உண்டு" என்னும் அமைப்பு) என்று வரைந்துவிடும்.

ஆனால் அளந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்தது வேறு. 2003ல் ஊரி ஆலோன் குழுவினர் இரண்டு தூண்டுபொருள்களின் அளவையும் படிப்படியாக மாற்றி வெளியீட்டை அளந்தார்கள். உண்டு, இல்லை என்ற இரண்டு நிலைக்குப் பதில் நான்கு மேடைகள் தெரிந்தன. நடத்தை ஆண்ட் கேட்டுக்கும், ஒன்று இருந்தாலே போதும் என்னும் ஆர் கேட்டுக்கும் இடையில் எங்கோ நின்றது. மறிக்கும் புரதம் உட்கார்ந்திருக்கும்போதும் கொஞ்சம் கசிவு உண்டு. செல்லுக்குள் இருப்பவை மூலக்கூறுகளும் அவற்றின் செறிவும். "இந்த அளவுக்கு மேலே உண்டு, கீழே இல்லை" என்று கோடு போடுவது நாம். போட்ட கோடு பயனுள்ளது, அதில் சந்தேகமில்லை.

6. சரி, கம்ப்யூட்டர் சிப்? அதுல கோடு போட்டே செஞ்சிருக்காங்களே. அது நிஜமாவே லாஜிக் செய்யுதுதானே?

இதற்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். லேபில் கிடக்கும் 7408 ஐசி-யை எடுத்துக்கொள்ளுங்கள். 14 கால், உள்ளே நான்கு ஆண்ட் கேட், 5 வோல்ட் மின்சாரம். டிடிஎல் என்ற இந்தச் சிப் வகையில் உள்ளீடு 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் "தாழ்வு", 2 வோல்ட்டுக்கு மேலே இருந்தால் "உயர்வு". நடுவில் 1.4 வோல்ட் கொடுத்தால் வெளியீடு எப்படி வரும் என்று தயாரிப்பாளர் உத்தரவாதம் தருவதில்லை. ஒரு காலை இணைக்காமல் விட்டால் அது பொதுவாக உயர்வு போலவே நடந்துகொள்ளும். மாணவர்களின் சர்க்யூட் சிலநேரம் சரியாகவும் சிலநேரம் தப்பாகவும் வருவதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

இப்போது மீட்டரில் தெரிவதை மட்டும் எழுதுவோம். இரண்டு உள்ளீடும் உயர்வானால் வெளியீடு உயர்வு. மற்ற மூன்று நிலைகளிலும் தாழ்வு. உயர்வை 1 என்றும் தாழ்வை 0 என்றும் வாசித்தால் இது ஆண்ட். இதே அட்டவணையில் தாழ்வை 1 என்றும் உயர்வை 0 என்றும் வாசியுங்கள். ஏதாவது ஒரு உள்ளீடு 1 ஆனால் போதும், வெளியீடு 1. அதாவது ஆர் கேட்! சிப்பில் ஒரு அணுவைக்கூட நாம் தொடவில்லை. இது வெறும் விளையாட்டும் இல்லை. நெகட்டிவ் லாஜிக் என்று பாடத்திலேயே உண்டு, தாழ்வு வந்தால் செயல்படும் ரீசெட் காலை வைத்துச் சர்க்யூட் போடும் எவரும் இந்த வாசிப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஆக, சிப்புக்குள் "மற்றும்" இருக்கிறதா, "அல்லது" இருக்கிறதா? வோல்டேஜ் இருக்கிறது. எதை உண்மை என்று எடுப்பது என்பதை வாசிப்பவர் தீர்மானிக்கிறார். ஆனால் இதைக் கவனியுங்கள்: வாசிப்பை மாற்றினால் ஆண்ட் என்பது ஆர் ஆகத்தான் மாறும், வேறெதுவும் ஆகாது. அந்த மாற்றம் நம் விருப்பத்தில் இல்லை. டி மார்கன் விதி என்று படிப்பது அதைத்தான்.

7. இயற்கையில முரண்பாடே கிடையாது. ஒரு கல்லு இருக்கும், இல்ல இருக்காது. இதுவே போதாதா?

முரண்பாடு என்பது இரண்டு கூற்றுகளுக்கு இடையே வருவது. "கல் இங்கே இருக்கிறது", "கல் இங்கே இல்லை" என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் முரண். கல்லுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. எதிர்த்திசையில் இழுக்கும் இரண்டு விசைகளை முரண்பாடு என்று சிலர் சொல்வார்கள். அது மோதல், இரண்டு விசைகளும் ஒரே சமயத்தில் தாராளமாக இருக்கலாம்.

"இல்லை" என்பதை இயற்கையில் தேடிப் பாருங்கள், சிக்கல் புரியும். இந்த அறையில் யானை இல்லை. காண்டாமிருகமும் இல்லை. இவை அறையில் உள்ள இரண்டு தனித்தனி விஷயங்களா? அறையில் மேசை நாற்காலிதான் இருக்கிறது. யானையை நாம் கேட்டதால்தான் "இல்லை" வந்தது. அதே சமயம் யானை இல்லை என்பது நாம் கட்டிவிட்ட கதையும் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்வதுதான் இந்தக் கேள்வியில் கஷ்டமான வேலை.

8. நம்ம மூளை அப்படி அமைஞ்சிருக்கு, அதான் லாஜிக். பரிணாமம் கொடுத்தது. இதுல என்ன தப்பு?

மூளை எப்படி யோசிக்கிறது என்பதும் எப்படி யோசித்தால் சரி என்பதும் ஒன்றானால், மனிதர் தருக்கத்தில் தவறவே முடியாது. தவறுகிறார்கள். 1966ல் பீட்டர் வேசன் வைத்த சோதனையைத் தமிழெழுத்தில் தருகிறோம். மேசையில் நான்கு அட்டை: ஆ, க், 4, 7. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். "ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டை எண் இருக்கும்" என்ற விதி பொய்யா என்று பார்க்க எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? கீழே படிக்கும் முன் முடிவு செய்துகொள்ளுங்கள்.

விடை: ஆ, 7. பலர் 4-ஐத் திருப்புவார்கள். அதன் பின்னால் மெய்யெழுத்து இருந்தாலும் விதி உடையாது. 7-இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடையும். இந்த வடிவில் சரியாகச் சொல்பவர்கள் வழக்கமாகப் பத்தில் ஒருவருக்கும் குறைவு. 1982ல் கிரிக்ஸும் காக்ஸும் இதே அமைப்பை "பீர் குடிப்பவருக்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும்" என்று மாற்றிக் கேட்டபோது நான்கில் மூன்று பேர் அளவுக்குச் சரியாகச் சொன்னார்கள். வடிவம் ஒன்று, மூளை ஒன்று, விடை மட்டும் மாறுகிறது. பரிணாமம் நமக்குக் கொடுத்தது ஏமாற்றுபவரைப் பிடிக்கும் கூர்மை என்று சிலர் விளக்குவார்கள். இருக்கலாம். ஆனால் 7-ஐத் திருப்பாதது *தவறு* என்று நாம் சொல்லும் அளவுகோல் மூளையின் பழக்கத்திலிருந்து வரவில்லை. ஃப்ரேகேயும், 1900ல் ஹுசெர்லும், தருக்கத்தை உளவியலாகச் சுருக்குவதை எதிர்த்தது இந்தக் காரணத்தால்தான்.

9. மிருகங்களுக்கு லாஜிக் உண்டா?

ஒரு சிறு அளவுக்கு இருப்பது போலத் தெரிகிறது. 2004ல் லைப்ஸிக்கில் யோசெப் கால் வெளியிட்ட ஆய்வில் இரண்டு கிண்ணங்களில் ஒன்றில் மட்டும் உணவு. காலியானதைக் குலுக்கிக் காட்டினார்கள், சத்தம் வரவில்லை. மனிதக் குரங்குகளில் சில மற்றக் கிண்ணத்தைத் தேர்ந்தெடுத்தன. "இதில் அல்லது அதில், இதில் இல்லை, ஆகவே அதில்" என்று அவை அனுமானித்தனவா, அல்லது சத்தம் வராத கிண்ணத்தை ஒதுக்கினவா என்று இன்னும் வாதிடுகிறார்கள். எப்படியானாலும், 8ஆம் பதில் இங்கேயும் பொருந்தும்: யாருக்கு இந்தத் திறமை உண்டு என்பது ஒரு கேள்வி, எது சரியான அனுமானம் என்பது வேறு கேள்வி.

10. வேற வேற கலாச்சாரத்துக்கு வேற வேற லாஜிக்னு சொல்றாங்களே?

அதிகம் காட்டப்படும் சான்று 1931-32ல் உஸ்பெகிஸ்தானில் அலெக்சாண்டர் லூரியா நடத்திய பேட்டிகள். "பனி மூடிய தூர வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை. நோவயா செம்லியா தூர வடக்கில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்?" எழுத்தறியாத விவசாயி ஒருவர், தான் பார்த்தது கறுப்புக் கரடிதான், பார்க்காததைப் பற்றிப் பேசுவதில்லை என்கிற பொருளில் பதில் சொன்னார். தருக்கம் தெரியவில்லை என்று பலர் எழுதிவிட்டார்கள்.

பதிலை விரித்துப் பாருங்கள்: பார்க்காததைப் பற்றி நான் பேசுவதில்லை, அந்தக் கரடியை நான் பார்க்கவில்லை, ஆகவே அதைப் பற்றிப் பேசமாட்டேன். குறையே சொல்ல முடியாத அனுமானம். கேள்வி கேட்டவரின் முற்கூற்றை ஏற்க மறுத்தார், அவ்வளவுதான். முன்பின் தெரியாதவர் வந்து சொன்னதை நம்பி முடிவு சொல்வது பள்ளிக்கூடத்தில் பழகும் ஒரு பழக்கம்.

11. "உண்டு, இல்லை, ரெண்டுல ஒண்ணு." இதை யாருமே மறுக்க முடியாதுதானே?

மறுத்தவர் உண்டு. 1908ல் டச்சுக் கணிதவியலாளர் ப்ரௌவர். அவருக்கு என்ன உறுத்தியது என்பதை ஒரு நிரூபணத்தில் பார்க்கலாம். விகிதமுறா எண்ணை விகிதமுறா அடுக்குக்கு உயர்த்தி விகிதமுறு எண் பெற முடியுமா? ரூட் 2-ஐ ரூட் 2 அடுக்குக்கு உயர்த்தி வருவதை ம என்போம். ம விகிதமுறு எண் என்றால் வேலை முடிந்தது. இல்லையென்றால் ம-வை மறுபடியும் ரூட் 2 அடுக்குக்கு உயர்த்துங்கள். ரூட் 2-இன் 2ஆம் அடுக்கு, அதாவது 2 வரும். எப்படியும் முடியும்! ஆனால் எந்த ஜோடி என்று கேட்டால் இந்த நிரூபணம் வாய் திறக்காது. "கையில் காட்டு" என்பது ப்ரௌவர் தரப்பு. காட்டவும் முடியும்: 2-ஐ அடியாகக் கொண்ட 9-இன் மடக்கையை அடுக்காக வைத்து ரூட் 2-ஐ உயர்த்தினால் சரியாக 3. கோக் (இப்போதைய பெயர் ராக்), அக்டா போன்ற நிரூபண மென்பொருள்களில் இன்றும் "உண்டு அல்லது இல்லை" தானாக வராது. வேண்டுமானால் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நிரலாளர்கள் தினமும் முட்டிக்கொள்வது இன்னொன்று. தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்-லில் உண்மை, பொய், தெரியாது என்று மூன்று மதிப்பு. "வயது = 30 அல்லது வயது <> 30" என்று கேட்டால் எல்லா வரிசையும் வரும் என்று நினைப்போம்; வயது நல் (NULL, அதாவது மதிப்பு பதியாதது) ஆக உள்ள வரிசைகள் வராது. இதைவிட மோசம் "நாட் இன்": உள்பட்டியலில் ஒரே ஒரு நல் இருந்தாலும் விடை காலி. பிழைச் செய்தியும் வராது, அதனால் ரிப்போர்ட் தப்பென்று தெரியவே நாளாகும். உள்பட்டியலில் நல்லை வடிகட்டுங்கள், அல்லது "நாட் எக்ஸிஸ்ட்ஸ்" பயன்படுத்துங்கள்.

12. முரண்பாட்டை ஒத்துக்கிட்டா அப்படி என்னதான் ஆகிடும்?

வழக்கமான தருக்கத்தில் எல்லாமே நிரூபணமாகிவிடும். "மழை பெய்கிறது", "மழை பெய்யவில்லை" இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். மழை பெய்கிறது என்பதால் "மழை பெய்கிறது அல்லது நிலா வெல்லத்தால் ஆனது" உண்மை. மழை பெய்யவில்லை என்பதையும் ஏற்றிருக்கிறோம். இரண்டில் முதலாவது போய்விட்டதால் நிலா வெல்லத்தால் ஆனது.

இதைத் தடுக்க விரும்புபவர்கள் பெரும்பாலும் கடைசிப் படியை வெட்டுகிறார்கள்: ஒரு கூற்று உண்மையாகவும் பொய்யாகவும் ஒருசேர இருக்கலாம் என்றால், "பெய்யவில்லை" என்பதை வைத்து "பெய்கிறது" என்பதை நீக்க முடியாதே! 1960-களில் நியூட்டன் ட கோஸ்டா, 1979ல் கிரஹாம் பிரீஸ்ட் ஆகியோர் இப்படிப்பட்ட அமைப்புகளைக் கட்டினார்கள். முரணான பதிவுகள் கலந்த பெரிய தரவுத்தளத்தோடு வேலை செய்ய இந்த எண்ணம் உதவும். ஆனால் விலை உண்டு. 9ஆம் பதிலில் குரங்கு செய்ததாகச் சொன்ன அனுமானம் இங்கே பொதுவிதியாக நிற்காது.

13. குவாண்டம் லாஜிக்கையே உடைச்சிருச்சாமே?

1936ல் பிர்க்காஃபும் வான் நாய்மனும் வைத்த யோசனையிலிருந்து இந்தப் பேச்சு வருகிறது. ஓர் எலக்ட்ரானின் ஸ்பின் கிடைத்திசையில் "வலம்" என்று தயார்செய்திருக்கிறோம். செங்குத்தில் அளந்தால் மேல் அல்லது கீழ் என்றுதான் வரும். அவர்கள் கூற்றுகளை அமைத்த விதப்படி "வலம், மற்றும் (மேல் அல்லது கீழ்)" உண்மை. ஆனால் "(வலம் மற்றும் மேல்) அல்லது (வலம் மற்றும் கீழ்)" பொய், ஏனென்றால் இரண்டு திசையிலும் ஒருசேர உறுதியான ஸ்பின் உள்ள நிலை எதுவும் கிடையாது. பள்ளியில் படித்த பங்கீட்டு விதி அங்கே நிற்கவில்லை.

யூக்ளிட்டின் வடிவியலை ஐன்ஸ்டைனுக்குப் பிறகு நாம் திருத்திக்கொண்டது போலத் தருக்கத்தையும் சோதனையால் திருத்தலாம் என்று 1960-களின் கடைசியில் ஹிலரி பட்னம் வாதிட்டார். பின்னாளில் அவரே அதைக் கைவிட்டார். எங்கள் கணிப்பில், அங்கே "அல்லது" என்று எழுதியிருப்பது நாம் பேசும் "அல்லது" இல்லை. அது திசையன் வெளிகளைச் சேர்க்கும் ஒரு செயல். குவாண்டம் இயற்பியலின் கணக்குகள், நிரூபணங்கள், ஆய்வகக் குறிப்புகள் எல்லாம் இன்றும் பழைய தருக்கத்தில்தான் எழுதப்படுகின்றன.

14. லாஜிக் சரின்னு லாஜிக் வச்சே நிரூபிக்கலாமா?

1895ல் லூயிஸ் கரோல் ஆமையையும் அகிலீஸையும் வைத்து இதற்கு ஒரு சின்ன உரையாடல் எழுதினார். ப உண்மை, ப என்றால் ம. ஆகவே ம என்கிறார் அகிலீஸ். "இரண்டையும் ஏற்கிறேன், ஆனால் ம-வை ஏன் ஏற்க வேண்டும்?" என்கிறது ஆமை. "இரண்டும் உண்மையானால் ம உண்மை" என்று மூன்றாவது வரியை எழுதிச் சேர்க்கிறார். "மூன்றையும் ஏற்கிறேன், ஆனால்..." என்று ஆமை மறுபடி ஆரம்பிக்கும். நோட்டுப் புத்தகம் தீர்ந்தாலும் ம வராது.

எல்லா விதிகளையும் எழுதிவைத்தாலும், எழுதியதைப் பயன்படுத்தி ஓர் அடி எடுத்துவைப்பதை எழுத முடியாது. தருக்கம் முழுக்க மனிதரின் ஒப்பந்தம் என்பவர்களுக்கு இது பெரிய தடை. ஒப்பந்தம் எல்லா வழக்குக்கும் பொதுப்படையாகத்தான் எழுதப்பட்டிருக்கும். அதிலிருந்து இந்தக் குறிப்பிட்ட வழக்குக்கு என்ன வருகிறது என்று பார்க்கவே தருக்கம் வேண்டும். 1936ல் தத்துவவாதி க்வைன் சொன்ன எதிர்வாதத்தின் சாரம் இதுதான்.

15. ஆனா "மற்றும்", "அல்லது", "எல்லா" எல்லாம் நாம வச்ச பேர்தானே? அர்த்தத்தை மாத்தினா லாஜிக் மாறிடுமே?

அர்த்தத்தை மாற்றலாம், 11, 12, 13 ஆகியவற்றில் அதுதான் நடந்தது. மாற்றிய பிறகு என்ன வரும் என்பதை மட்டும் மாற்ற முடியாது. சதுரங்கத்தின் விதிகளை மனிதர் வைத்தார்கள், பல நூற்றாண்டுகளில் திருத்தவும் செய்தார்கள். ஆனால் ராஜாவும் இரண்டு குதிரைகளும் மட்டும் கையில் இருந்தால் எதிரியின் தனி ராஜாவைக் கட்டாயமாக மேட் செய்ய முடியாது என்பதை யாரும் விதியாக எழுதவில்லை. எழுதியிருந்த விதிகளில் அது ஏற்கெனவே இருந்தது. பிடிக்கவில்லையென்றால் குதிரையின் நகர்வை மாற்றலாம், அப்போது வேறு ஆட்டம், அதற்கும் நாம் தேர்ந்தெடுக்காத உண்மைகள் தானாக வந்து சேரும்.

எங்கள் நிலைப்பாட்டின் மையம் இதுதான். ஒரு பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும்: "இந்த விதிகளிலிருந்து இது வரும்" என்பது எங்கே இருக்கிறது என்று கேட்டால், எந்த இடத்தையும் சுட்டிக் காட்ட முடியாது. தனி உலகம் ஒன்று உண்டு என்பவர்கள் பிளேட்டோ பக்கம் போகிறார்கள். அந்த உலகம் நம் மூளைக்கு எப்படித் தெரியவருகிறது என்பதற்கு அங்கே திருப்தியான பதில் இல்லை. "இருக்கிறது என்றாலே ஓர் இடத்தில் இருக்க வேண்டும்" என்ற எதிர்பார்ப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

16. டைனோசர் காலத்துல லாஜிக் இருந்துச்சா?

அப்போது கூற்றுகள் இல்லை, கூறுபவர் இல்லை. ஆனால் அந்தக் காலத்தைப் பற்றி இன்று நாம் சொல்பவற்றுக்குத் தருக்கம் அப்படியே பொருந்தும். கூட்டில் இருந்த முட்டைகள் எல்லாம் பொரிந்திருந்தால், அந்தக் கூட்டில் பொரியாத முட்டை இல்லை. யாரும் பார்க்காதது இதைப் பாதிக்காது. 7ஆம் பதிலில் யானைக்குச் சொன்னதுதான்.

17. லாஜிக் முழுமையில்லைன்னு கோடெல் நிரூபிச்சுட்டாரே?

இரண்டு தேற்றங்கள் குழம்புகின்றன. 1929ல் முனைவர் பட்ட ஆய்வில் அவர் நிரூபித்தது முழுமை: முதல்வரிசைத் தருக்கத்தில் ("எல்லா", "ஏதோ ஒன்று" என்று தனிப்பொருள்களைப் பற்றிப் பேசும் வழக்கமான தருக்கத்தில்) செல்லும் அனுமானம் ஒவ்வொன்றுக்கும் விதிப்படி நிரூபணம் உண்டு. 1931ல் நிரூபித்தது, முரணற்றதாகவும் விதிகளை இயந்திரம் போலச் சரிபார்க்கக்கூடியதாகவும் எண்கணிதத்துக்குப் போதுமானதாகவும் உள்ள எந்த அமைப்பிலும் தீர்மானிக்க முடியாத கூற்று உண்டு என்பது. அந்த இரண்டாவது நிரூபணத்தின் ஒவ்வொரு அடியும் சாதாரணத் தருக்கத்தால் நடப்பது. அதை வைத்துத் தருக்கம் தோற்றது என்பது, உட்கார்ந்த கிளையை வெட்டுவது.

18. கடவுள் லாஜிக்குக்குக் கட்டுப்பட்டவரா?

தாமஸ் அக்வினாஸ், முரணானது செய்யக்கூடிய ஒரு செயலே ஆகாது, ஆகவே அதைச் செய்யாதது வல்லமைக் குறைவும் ஆகாது என்றார். டெகார்ட் 1630ல் எழுதிய கடிதங்களில், கணித உண்மைகளையும் கடவுளே அரசன் சட்டம் போடுவதுபோல் ஏற்படுத்தினார் என்றார். டெகார்ட் வழியில் போனால், கடவுளைப் பற்றி நாம் சொல்லும் எந்த "ஆகவே"யும் நிற்காது. பக்தருக்கும் நாத்திகருக்கும் அதே கதி. டீக்கடை வாதத்துக்கு அக்வினாஸ்தான் வசதி.

19. விவாதத்துல தோக்கும்போது "லாஜிக்கே மனுஷன் உண்டாக்கினது, அதனால உன் வாதம் செல்லாது"ன்னு சொல்றான். என்ன பதில் சொல்றது?

அவர் சொன்ன "அதனால" என்ற சொல்லைப் பிடியுங்கள். மனிதர் உண்டாக்கியது எதுவும் செல்லாது, தருக்கம் மனிதர் உண்டாக்கியது, அதனால் செல்லாது. இது அரிஸ்டாட்டில் காலத்து வடிவம். தருக்கம் செல்லாதென்றால் இந்த வாதமும் செல்லாது. முதல் வரியும் நிற்காது. மீட்டரும் தராசும் மனிதர் உண்டாக்கியவைதான், அவை காட்டும் அளவை யாரும் தள்ளிவிடுவதில்லை.

இதைச் சொல்லி மடக்குவதோடு நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் அவருக்கு உங்கள் முற்கூற்று ஒன்றில்தான் உடன்பாடில்லை, 10ஆம் பதிலில் வந்த விவசாயியைப் போல. அதைச் சொல்லத் தெரியாமல் தருக்கத்தையே தள்ளுகிறார். உங்கள் வாதத்தை வரி வரியாக எழுதிக் கொடுத்து, எந்த வரியை ஏற்கவில்லை என்று கேளுங்கள். எல்லா வரியையும் ஏற்றுக்கொண்டு முடிவை மட்டும் மறுத்தால், 2ஆம் பதிலில் உள்ள சோதனையை அவரிடமே கொடுங்கள்: வரிகள் எல்லாம் உண்மையாக இருந்தும் முடிவு பொய்யாகும் ஒரு நிலையை அவர் காட்டட்டும். காட்டிவிட்டால் திருத்த வேண்டியது உங்கள் வாதத்தை.